கடலின் குளிர்ச்சியும் காற்றின் கணக்கும்: சர் கில்பர்ட் வாக்கரின் வாழ்வும் பணியும்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவப் பெருந்தகை. காற்று வீசுவதையும், மேகம் திரள்வதையும், வறண்ட நிலம் மழையால் உயிர்பெறுவதையும் சிந்தித்துப் பார்க்குமாறு திருமறை பல இடங்களில் மனிதனை அழைக்கிறது. பருவக்காற்றைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் 'மான்சூன்' என்னும் சொல், பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததாகும். அரபு மாலுமிகள் அக்காற்றின் வருகையறிந்து பாய்விரித்தனர். காயல்பட்டினம் முதலிய நம் துறைகளில் வந்திறங்கினர். காற்று எப்போது வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஓராண்டில் மழை நிறைந்து பெய்வதும் மற்றோராண்டில் பொய்ப்பதும் ஏன் என்பதை எவரும் அறிந்திலர். அவ்வினாவுக்கு விடைதேடித் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சர் கில்பர்ட் தாமஸ் வாக்கர்.

அவர் தேடிய விடை அவருக்கு முழுமையாகக் கிட்டவில்லை. எனினும், தேடிச்சென்ற வழியில், உலகின் ஒரு பகுதியில் நிகழும் மாற்றம் நெடுந்தொலைவிலுள்ள மற்றொரு பகுதியின் மழையோடு தொடர்புடையது என்பதை எண்களால் நிறுவினார். அறிந்ததை அறிந்த அளவே உரைத்தார். மிகையாக உரைக்க மறுத்தார். பசிபிக் பெருங்கடல் குளிர்வதும் சூடேறுவதும் உலகின் வானிலையை எவ்வாறு மாற்றுகின்றன என்பது பற்றி இன்று நாம் பெற்றுள்ள அறிவுக்கு அந்நேர்மையே அடித்தளம் என்பதை இக்கட்டுரையில் காண முயல்கிறோம்.

தாது வருடப் பஞ்சம்

வாக்கரின் பணியை விளங்கிக்கொள்ள, அவர் சிறுவராக இருந்த காலத்து நம் நாட்டு நிலையை முதலில் நினைவுகூர வேண்டும். 1876ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலும் தக்காணத்திலும் பருவமழை பொய்த்தது. 1877ஆம் ஆண்டிலும் பொய்த்தது. சேலம், கோவை, வட ஆர்க்காடு, பெல்லாரி, கர்நூல் முதலிய மாவட்டங்கள் பாழாயின. 1878 வரை நீடித்த அக்கொடுமையை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்றனர். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்தம் மதிப்பீடு. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அப்பஞ்ச காலத்து நிவாரண வேலையாக வெட்டப்பட்டதேயாகும்.

மழையின்மை மட்டுமே அத்துணை உயிர்களைக் கொண்டுவிடவில்லை. மக்கள் பசித்திருக்கத் தானியம் கப்பலேறிச் செல்ல விட்ட ஆட்சியும் அப்பழியில் பங்குடையது. அதே ஆண்டுகளில் வட சீனமும் பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியும் வறட்சியால் வாடின. பெருங்கடல்களால் பிரிக்கப்பட்ட நாடுகள் ஒரே காலத்தில் ஏன் வாடின என்பதை விளக்குவார் அன்று இல்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி மிகுதியாகப் படிந்தால் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்று கருதி, அதனைக்கொண்டு மழையை முன்னறிவிக்கத் தொடங்கினார். அவருக்குப்பின் வந்த சர் ஜான் எலியட் அம்முறையை மேலும் விரிவாக்கினார். ஆயின், 1899ஆம் ஆண்டில் அவர்தம் அறிவிப்பு முற்றிலும் பிழைத்தது. நல்ல மழை எதிர்பார்க்கப்பட்ட அவ்வாண்டில் வானம் பொய்த்தது. நாட்டைப் பெரும்பஞ்சம் மீண்டும் பற்றியது. பத்திரிகைகள் துறையைக் கடுமையாகச் சாடின. அடுத்த சில ஆண்டுகள் மழை முன்னறிவிப்பு பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் அரசுக்குள்ளேயே வைக்கப்பட்டது. இத்தகைய சூழலில்தான் வாக்கர் இந்தியாவுக்கு அழைக்கப்பெற்றார்.

இளமையும் கல்வியும்

கில்பர்ட் வாக்கர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பொறியாளர். லண்டனிலுள்ள செயின்ட் பால் பள்ளியில் பயின்ற காலத்திலேயே சுழலும் பொருள்களின் இயக்கம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1889ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் முதல் இடம் பெற்று 'சீனியர் ராங்லர்' என்னும் பெருமையை எய்தினார். அளவுமீறிய உழைப்பு அவர் உடல்நலத்தைக் குலைத்தது. நலம்பெற வேண்டிச் சுவிட்சர்லாந்தில் குளிர்காலங்களைக் கழித்தார். அங்கே பனிச்சறுக்கில் தேர்ந்தார்.

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் எறியும் வளைதடி அவருக்குப் பெரும் வியப்பை ஊட்டியது. நம் மறவர் சீமையின் வளரியை உருவில் ஒத்த அக்கருவி, எறிந்தவரிடமே திரும்பி வருவது எங்ஙனம் என்று கணித நோக்கில் ஆராய்ந்து 1897ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார். கல்லூரியை அடுத்த புல்வெளியில் அதனை எறிந்து பழகியதால் நண்பர்கள் அவரை வளைதடி வாக்கர் என்றே அழைத்தனர். பறவைகள் சிறகசைக்காமல் வானில் மிதப்பதையும், புல்லாங்குழலின் அமைப்பையும் அவர் ஆராய்ந்தார். வானிலைக் கல்வி மட்டும் அவர் பயின்றதன்று. எனினும், அடுத்த தலைவர் கணிதம் வல்லவராக இருத்தல் வேண்டும் என்று கருதிய எலியட் அவரையே தேர்ந்தார். 1903இல் இந்தியா வந்த வாக்கர், 1904ஆம் ஆண்டு தொடக்கத்தில் வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டே லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

சிம்லாவில் நடந்த கணக்கு

துறையின் தலைமையகம் அந்நாளில் சிம்லாவில் இருந்தது. வாக்கர் அங்கமர்ந்து முதலில் உணர்ந்தது, காற்றின் இயக்கத்தை இயற்பியல் விதிகளிலிருந்து நேரடியாகக் கணித்துவிடும் ஆற்றல் அக்கால அறிவியலுக்கு இல்லை என்பதாகும். ஆகவே, காரணத்தைப் பின்னர்த் தேடலாம், முதலில் தொடர்புகளைத் திரட்டலாம் என்று முடிவு செய்தார். ஓரிடத்துக் காற்றழுத்தமும் மற்றோரிடத்து மழையும் பல ஆண்டுகளாக இணைந்து ஏறியிறங்குகின்றனவா என்பதை அளந்தறியும் ஒட்டுறவுக் கெழு என்னும் புள்ளியியல் முறையைக் கைக்கொண்டார். உலகின் பல நிலையங்களிலிருந்து அழுத்தம், வெப்பம், மழை, ஆற்று வெள்ளம் ஆகியவற்றின் பதிவுகள் சிம்லாவுக்கு வந்து குவிந்தன.

கணிப்பொறி இல்லாத காலம் அது. அத்தனை எண்களையும் கூட்டியும் பெருக்கியும் வகுத்தும் தந்தவர்கள் அலுவலகத்து இந்திய எழுத்தர்களே. முதல் உலகப்போர்க் காலத்தில் அலுவலர் பலர் பிரிந்து சென்றபோதும் அக்கணக்கு வேலை நடந்தது. உலகமே போற்றும் கண்டுபிடிப்புக்கு உழைப்பைத் தந்த அவர்தம் பெயர்கள் பலராலும் அறியப்படாமற் போயின. அவர்களையும் ஈண்டு நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1908ஆம் ஆண்டளவில் வாக்கர் நான்கு செய்திகளைக்கொண்டு ஒரு மழைவாய்பாட்டை அமைத்தார். மே மாத இறுதியில் இமயத்தில் கிடக்கும் பனி, மொரீசியஸ் தீவின் காற்றழுத்தம், தென் அமெரிக்கக் காற்றழுத்தம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சான்சிபார் தீவின் கோடைமழை ஆகியவையே அவை. இந்திய உழவனின் விளைச்சலைக் கணிக்க, நமக்கு நேர் எதிர்ப்புறத்தில் கிடக்கும் தென் அமெரிக்காவை நோக்கவேண்டும் என்பது அன்று பலருக்கு வியப்பைத் தந்தது.

இவ்விடத்தில் வாக்கரின் அறிவுநேர்மை ஒன்றைச் சுட்டாமல் இருக்கவியலாது. நூறு தொடர்புகளைத் தேடினால் அவற்றுள் சில தற்செயலாகவே வலுவுடையன போலத் தோன்றும். அவற்றைப் பொறுக்கியெடுத்து விதியென அறிவிப்பது எளிது; புகழும் தரும். வாக்கரோ அவ்வாறு தோன்றும் போலித் தொடர்புகளைக் கண்டு விலக்கும் அளவுகோல் ஒன்றைத் தாமே வகுத்து 1914ஆம் ஆண்டு வெளியிட்டார். பருவம் முழுமைக்கும் உரிய கணிப்பை அன்றாட முன்னறிவிப்போடு ஒன்றாகக் கருதலாகாது. அது வரவிருப்பதன் நிழலைக் காட்டுவது மட்டுமே என்றும் அவர் வேறுபடுத்தினார். 1899இன் தோல்வியைக் கண்ட துறைக்கு அத்தகைய அடக்கமே தேவையாயிருந்தது.

துறைமுகத்தில் கண்ட மேதை

தம் அறிவின் எல்லையை அறிந்திருந்த அப்பண்பு, நம் தமிழகத்துக்கு அளித்த நன்மை ஒன்றுண்டு. 1913ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த இளைஞர் ஒருவரின் கணிதக் குறிப்புகள் அவரிடம் காட்டப்பெற்றன. அவ்விளைஞரே சீனிவாச இராமானுசன். அவ்வகைத் தூய கணிதம் தமக்குரிய துறையன்று என்பதை வாக்கர் மறைக்கவில்லை. ஆயினும், வயிற்றுப்பாட்டுக் கவலையின்றி இவ்விளைஞர் தம் காலம் முழுவதையும் கணிதத்திற்கே செலவிடச் சென்னைப் பல்கலைக்கழகம் வழிசெய்தல் தகும் என்று உடனே கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே முதல் இராமானுசனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வுதவித்தொகை கிடைத்தது. மறு ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். தமக்கு முழுமையாக விளங்காத ஒன்றிலும் மேன்மை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் மனம் கற்றோர் பலர்க்கும் வாய்ப்பதன்று.

தென் அலைவு

தென் அமெரிக்காவில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடற் பக்கம் தாழ்வதை வாக்கருக்கு முன்னரும் சிலர் கண்டிருந்தனர். சுவீடன் நாட்டு ஹில்டெப்ராண்ட்சன் 1897ஆம் ஆண்டிலும், ஆங்கிலேயரான லாக்கியர் தந்தையும் மகனும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் இதுபற்றி எழுதினர். வாக்கர் அதனை உலகளாவிய எண்களைக்கொண்டு நிலைநாட்டினார். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயர்ந்திருக்கும் காலத்து, ஆப்பிரிக்கா தொடங்கி ஆஸ்திரேலியா வரையிலான இந்தியப் பெருங்கடற் பரப்பில் அது தாழ்ந்திருக்கும். அங்கே தாழும்போது இங்கே உயரும். ஏற்றப்பலகையின் இரு முனைகள் போன்ற இவ்வசைவுக்குத் தென் அலைவு என்று அவர் 1924ஆம் ஆண்டு பெயர் சூட்டினார். வட அட்லாண்டிக், வட பசிபிக் என்னும் வேறிரு அலைவுகளையும் உடன் இனங்கண்டார். இந்தியப் பருவமழையும் நைல் ஆற்றின் வெள்ளமும் தென் அலைவோடு சேர்ந்து ஏறியிறங்குவதையும் அவர் காட்டினார்.

அவ்வாண்டே சர் பட்டம் பெற்று இந்தியாவை விட்டு நீங்கி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலையியல் பேராசிரியராகப் பொறுப்பேற்று 1934 வரை பணியாற்றினார். அரச வானிலையியல் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். ஆயினும் அவர்தம் தென் அலைவை அறிஞர் பலர் ஐயத்துடனேயே நோக்கினர். காரணம் கூறப்படாத தொடர்பு வெறும் தற்செயலே என்பது அவர்தம் வாதம். கடலின் மெதுவான மாற்றங்கள் இதற்கு வேராக இருக்கலாம் என்னும் எண்ணம் வாக்கருக்கு இருந்தது. அதனை மெய்ப்பிக்கப் போதிய கடல்வெப்ப அளவீடுகள் அக்காலத்தில் இல்லை. இல்லாத சான்றை உள்ளதுபோல் காட்ட அவர் முனையவில்லை. 1958ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தம் 90ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அவ்வினா விடையின்றியே நின்றது.

கடல் தந்த விடை

அவர் மறைந்த காலமே விடை பிறந்த காலமாகவும் அமைந்தது. 1957, 1958 ஆகிய ஆண்டுகள் அனைத்துலகப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பெற்று, பல நாட்டுக் கப்பல்களும் நிலையங்களும் கடலையும் காற்றையும் ஒருங்கே அளந்தன. அப்போது பசிபிக் கடலின் நடுப்பகுதி வரை வழக்கத்துக்கு மாறாக வெம்மையுற்றிருந்தது. பெரு நாட்டு மீனவர் நெடுங்காலமாக எல் நினோ என்றழைத்த கரையோர வெம்மையும், வாக்கரின் தென் அலைவும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்பதை நார்வேயில் வேர்கொண்ட அறிஞரான ஜேக்கப் பியர்க்னஸ் 1969ஆம் ஆண்டு விளக்கினார். பசிபிக்கின் மேல் கிழக்கு மேற்காக நிகழும் காற்றோட்டத்திற்கு வாக்கர் சுழற்சி என்று பெயரிட்டு முன்னோரைப் பெருமைப்படுத்தினார்.

அச்சுழற்சியின் இயல்பு இது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக் பரப்பில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசி, வெந்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அதனால் அங்கே கடல்மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்து நிற்கிறது. வெந்நீர் அகன்ற கிழக்குக் கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. வெந்நீரின் மேல் காற்று சூடேறி உயர்ந்து மழை பொழிகிறது. குளிர்நீரின் மேல் காற்று கனத்து இறங்கி வானம் தெளிகிறது. கிழக்கும் மேற்கும் வெப்பத்தால் வேறுபடுவதால் காற்று வலுக்கிறது. காற்று வலுப்பதால் அவ்வேறுபாடு மிகுகிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்துக் கடல் இயல்பினும் குளிரும் காலமே லா நினா எனப்படுகிறது. காற்று தளர்ந்து வெந்நீர் கிழக்கே பரவும் காலம் எல் நினோ. இரண்டு முதல் ஏழாண்டு இடைவெளியில், ஒழுங்கான நாள்குறிப்பின்றி, இவை மாறிமாறி வருகின்றன. தாது வருடப் பஞ்சத்தின் இரண்டாம் ஆண்டான 1877இல் வலிமைமிக்க எல் நினோ ஒன்று நிலவியது என்பதை இன்று நாம் அறிவோம். சீனமும் பிரேசிலும் தமிழகமும் உடன்வாடியதன் பொருள் அப்போதுதான் துலங்கியது.

குளிர்ச்சி செய்யும் மாற்றங்கள்

கடலின் மேற்பரப்பு அரை பாகை செல்சியஸ் குளிர்வதே லா நினாவின் தொடக்க அளவு. சிறிதெனத் தோன்றும் அக்குளிர்ச்சி பரந்த கடல்வெளியில் நிகழ்வதால் உலகின் காற்றோட்டமே திசைமாறுகிறது. இந்தோனேசியாவிலும் கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் மழை மிகுகிறது. இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைவின்றிப் பெய்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதி வறள்கிறது. அட்லாண்டிக்கில் சூறாவளிகள் பெருகுகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆண்டிறுதி மழை குன்றுகிறது. 2010ஆம் ஆண்டில் தொடங்கிய லா நினாவின்போது பாகிஸ்தானில் பெருவெள்ளம் ஏறத்தாழ இரண்டு கோடி மக்களைத் துன்புறுத்தியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து நீரில் மூழ்கியது. 2011இல் சோமாலியாவைப் பஞ்சம் பற்றியது. ஓரிடத்து வெள்ளமும் மற்றோரிடத்து வறட்சியும் ஒரே குளிர்ச்சியோடு தொடர்புடையன. ஆயினும் சோமாலியாவில் உயிர்களைக் கொண்டது வறட்சி மட்டுமன்று, போரும் ஆகும்.

தமிழகத்தின் நிலை தனித்தன்மையுடையது. நமக்கு உயிரான வடகிழக்குப் பருவமழை, லா நினாக் காலத்தில் குறையவும் எல் நினோக் காலத்தில் மிகவும் முற்படுகிறது. 2015ஆம் ஆண்டு எல் நினோவின்போது சென்னை வெள்ளத்தில் மூழ்கியதும், கடல் குளிர்ந்த 2016இல் அம்மழை கடுமையாகப் பொய்த்ததும் நம் நினைவில் உள்ளன. ஆயின், 2010, 2021 ஆகிய லா நினா ஆண்டுகளில் நமக்கு மழை நிறைவாகவே பெய்தது. அதுபோன்றே, வலிமைமிக்க எல் நினோ நிலவிய 1997இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை இயல்பாக இருந்தது. அத்துணை வலுவில்லாத 2002இல் பொய்த்தது. இவை விதியல்ல, வாய்ப்பின் சாய்வு. வாக்கர் நிழல் என்று அடங்கி உரைத்ததன் உண்மை ஈண்டு விளங்கும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இக்குளிர்ச்சி இயற்கையானது, கரியமில வாயுவால் புவி சூடேறுவதை அது நிறுத்துவதில்லை. 2020 முதல் 2023 தொடக்கம் வரை லா நினா தொடர்ந்து நிலவியது. அவ்வாறிருந்தும் அவ்வாண்டுகள், பெரும் எல் நினோவால் சுட்டெரித்த 1998ஐவிட வெப்பமிக்கனவாகவே இருந்தன. இயற்கையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டி மனிதன் தன் பொறுப்பைத் தட்டிக்கழித்தல் இயலாது.

நாம் கொள்ளவேண்டியவை

வாக்கர் அயலாட்சியின் அலுவலர். அவ்வாட்சியின் குறைகளை அவர் பணி நீக்கிவிடவில்லை. அவர் கணித்த மழையால் மட்டும் எவர் பசியும் தீர்ந்ததில்லை. வறட்சி வருமென்று முன்னறிந்த அரசு தானியத்தைச் சேர்த்துவைத்தால்தான் கணிப்பு பயன்தரும். அறிவியலார் தம் கடமையைச் செய்தபின் ஆள்வோர் தம் கடமையைச் செய்தல் வேண்டும்.

நம் மாணவச் செல்வங்கள் அவரிடம் கற்கத்தக்கன பலவுள. தமக்குப் பழக்கமில்லாத துறையில் துணிந்து இறங்கியமை ஒன்று. விடை கிட்டாதபோதும் இருபதாண்டுகள் எண்களோடு பொறுமையாக உழைத்தமை மற்றொன்று. தம் கண்டுபிடிப்பைத் தாமே ஐயுற்றுச் சோதித்தமை எல்லாவற்றினும் மேலானது. பிறர் ஐயுற்றபோதும் அவர் நிலைகுலையவில்லை. காரணம் தெரியாதபோது தெரிந்ததாகச் சொல்லவும் இல்லை. அவர் விட்டுச்சென்ற எண்கள் பொய்யற்றனவாக இருந்தமையால்தான் பின்வந்தோர் அவற்றின்மேல் கட்ட முடிந்தது.

அறிவைத் தேடுதல் கடமையென்று போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். கெய்ரோ நகரின் ரவ்தா தீவில் 861ஆம் ஆண்டு நைல் அளவுமானியை எழுப்பி, ஆண்டுதோறும் வெள்ளத்தை அளந்து குறித்துவைத்தோர் நம் முன்னோர். அப்பதிவுகளைக்கொண்டே பழங்காலத்து எல் நினோ ஆண்டுகளை இன்றைய அறிஞர் தேடுகின்றனர். பொறுமையுடன் அளந்து உண்மையாகக் குறித்துவைத்த எண், எழுதியவர் மறைந்த பின்னும் பல தலைமுறைக்குப் பயன்படுகிறது. அத்தகைய பணியில் நம் கல்லூரி மாணவர்களும் ஈடுபட்டு உலகுக்குப் பயன்தர வல்ல இறைவன் அருள்புரிவானாக!